312 சதை ஈ பதிவுகள் குடும்பப் பெயரோடு நின்றுவிட்டன. இனியும் பதிவேற்றலாமா?

ஈப்பார்வை

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். ஒரு வாரமாக மனசில் கிடந்து உறுத்துவதால் சுருக்கிச் சொல்ல வரவில்லை.

இரண்டரை வருடமாக ஈக்களைப் படம் எடுத்து, எல்லோரும் சேர்ந்து உயிரினங்களுக்குப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றுகிறேன். பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்கும் ஆள் நிறைய இருக்கிறார்கள். ஈயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நாமாவது பார்ப்போமே என்றுதான் ஆரம்பித்தேன். எடுத்ததில் பாதிக்கு மேல் சதை ஈ. சாம்பல் நிற முதுகில் மூன்று கறுப்புப் பட்டை, வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம், செங்கல் நிறக் கண். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். படத்தை ஏற்றினால் செயலி முதல் பரிந்துரையாக ‘சார்கோஃபாகா கார்னாரியா’ என்று காட்டும். நானும் அதையே தொட்டுவிடுவேன். இரண்டு நாளில் யாராவது ஒருவர் வந்து ஒப்புக்கொள்வார். பதிவு ‘ஆய்வுத் தரம்’ என்ற நம்பகமான நிலைக்கு ஏறிவிடும். இப்படி ஏறியவை 312.

போன செவ்வாய்க்கிழமை காலையில் திறந்தால் 312 அறிவிப்புகள். முன்பின் தெரியாத ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ‘சார்கோஃபாகிடே குடும்பம்’ என்று பின்னுக்கு இழுத்திருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரே வரி: ஆணின் பிறப்புறுப்பைப் பார்க்காமல் சிற்றினம் சொல்ல முடியாது.

முதல் நாள் கோபம்தான் வந்தது. மறுநாள் பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இது கார்னாரியாதான் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று என்னையே கேட்டால், செயலி சொன்னது என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. கோபம் போய் வருத்தம் வந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். சிற்றினம் வரை போகவே முடியாத உயிரினத்தைப் படம் எடுத்துப் போடுவதில் யாருக்காவது பயன் உண்டா? இல்லை, அடையாளம் தெரியக்கூடிய வேறு பூச்சிக்குப் போய்விடுவதுதான் சரியா? பூச்சியைக் கொல்ல எனக்கு மனம் வராது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நரம்பும் மயிரும்

அந்த ராத்திரி வேலையைச் செய்தவர் நான் இல்லை. ஆனால் என் கண்ணில் பட்டிருந்தால் நானும் குடும்பத்துக்குத்தான் இழுத்திருப்பேன். ஒரே ஒரு வித்தியாசம், 312 பதிவில் கை வைப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு செய்தி எழுதியிருப்பேன். அவ்வளவு உழைப்பின் மேல் கை வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

ஏன் முடியாது என்பதை முதலில் சொல்கிறேன். சதை ஈ குடும்பத்தில் ஏறக்குறைய 3,000 சிற்றினங்கள். சார்கோஃபாகா பேரினத்தில் மட்டுமே 800-க்கு மேல். நீங்கள் சொன்ன மூன்று பட்டையும் கட்டமும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான சட்டை. பக்கத்துப் பேரினங்கள் சிலவும் அதே சட்டையைப் போட்டிருக்கின்றன. போதாக்குறைக்கு அந்தக் கட்டம் நிலையான கட்டமும் இல்லை. உடம்பின் மேல் படிந்திருக்கும் சாம்பல் பூச்சில் வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதற்கேற்ப அது இடம் மாறும். ஒரே ஈயை லேசாகத் திருப்பிப் பாருங்கள், கறுத்திருந்த கட்டம் வெளுத்து, வெளுத்திருந்தது கறுக்கும். கட்டத்தை எண்ணி எதையும் சொல்ல வழியில்லை.

கார்னாரியா 1758-இல் லின்னேயஸ் வைத்த பெயர். பழைய பெயர் என்பதால் சதை ஈ என்றாலே அந்தப் பெயரைப் போட்டுவிடும் வழக்கம் பரவிவிட்டது. அதற்கு வேரியகேட்டா என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கும் தெரியாது. ஆணின் வயிற்று நுனியில் கீழ்ப்பக்கமாக மடங்கிக் கிடக்கும் உறுப்பை ஈரப்படுத்தி, மெல்லிய ஊசியால் மெதுவாக வெளியே இழுத்து நிறுத்தி, நுண்ணோக்கியில் பக்கவாட்டில் பார்த்தால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் தெரியும். பெண்களாக இருந்தால் நுண்ணோக்கி வைத்தும் பல சமயம் முடியாது.

இனி என் கதை. எட்டு வருடம் முன்னால் பச்சை மினுமினுப்பு ஈக்கள் எல்லாவற்றுக்கும் ‘லூசிலியா செரிகேட்டா’ என்று பெயர் போட்டுக்கொண்டிருந்தேன். என்னுடையது மட்டுமல்ல, மற்றவர்கள் போட்டதற்கும். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது. நல்ல காரியம் செய்கிறோம் என்று முழுமனதாக நம்பினேன். பிறகு ஒரு பூச்சியியலாளர், ‘இதில் குப்ரினா இல்லை என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று மரியாதையாகக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. செரிகேட்டாவுக்கு முன்னங்கால் தொடை கருநீலம் அல்லது கறுப்பு. குப்ரினாவுக்கு அது உலோகப் பச்சை. தலையின் பின்புறம், உச்சியிலிருக்கும் பெரிய உள்மயிருக்குக் கீழே குப்ரினாவுக்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு மயிர், செரிகேட்டாவுக்குப் பல. நான் பெயர் போட்ட படங்கள் எல்லாம் மேலிருந்து எடுத்தவை. தொடையும் தெரியாது, பின்தலையும் தெரியாது. பேரினம் லூசிலியாதானா என்பதிலேயே சிலவற்றில் சந்தேகம்.

ஒவ்வொன்றாகத் திறந்து என் பெயரைத் திரும்பப் பெற்றேன். நானூறுக்கு மேல். நாலு மாதம் ஆனது. அதில் என்னை அதிகம் வதைத்தது, என் ஒப்புதலை நம்பி வேறு பலரும் ஒப்புக்கொண்டிருந்ததுதான். நான் விலகினாலும் அவர்கள் போட்டது அப்படியே நின்றது. சிலர் தளத்தைவிட்டே போய்விட்டார்கள், கேட்டாலும் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெயரைத் தொடுவதற்கு முன்னால், இதைப் போலவே இருக்கும் இன்னொன்றின் பெயர் எனக்குத் தெரியுமா, அது இது இல்லை என்பதைப் படத்தில் எந்த இடம் காட்டுகிறது என்று கேட்டுக்கொள்வேன். இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் ஒரு படி மேலே ஏறிப் பேரினத்திலோ குடும்பத்திலோ நின்றுவிடுவேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஈயை விட்டுப் போகாதீர்கள். படம் எடுக்கும் முறையை மாற்றுங்கள். மேலிருந்து ஒன்று போதாது. பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, வயிற்று நுனி ஒன்று, முடிந்தால் இறக்கை நரம்பு தெரிய ஒன்று. விடியற்காலையில் உடம்பு சூடேறுவதற்கு முன் ஈ அவ்வளவு சுலபமாகப் பறக்காது, அப்போது கிட்டப் போகலாம். கொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜன்னல் ஓரத்தில் தானாகச் செத்துக் கிடக்கும் ஈக்களைக் காகிதத்தில் மடித்து, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். படத்தால் தீராத சந்தேகத்தை என்றைக்காவது ஒருவர் அந்த மடிப்பைப் பிரித்துத் தீர்த்து வைப்பார்.

எட்டுக்கால்

அக்கா, சிலந்தி பார்க்கிறவங்களுக்கு இது தினமும் நடக்கிறதுதான். ஓநாய்ச் சிலந்தியில் பார்டோசா பேரினம் எடுத்துக்குங்க. பெண்ணா இருந்தா வயிற்றுக்கு அடியில் இருக்கிற எபிஜைன்ங்கிற பிறப்புறுப்புத் தகடு, ஆணா இருந்தா முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உப்பியிருக்கிற பால்ப்ங்கிற உறுப்பு. இந்த ரெண்டில் ஒண்ணு தெளிவாத் தெரியாட்டி பேரினத்தோடு நிறுத்திடுவோம். குஞ்சுகளுக்கு அது ரெண்டும் வளர்ந்தே இருக்காது. கடைசித் தோலுரிப்பு முடிஞ்சாத்தான் வரும். குஞ்சைப் பார்த்துச் சிற்றினம் சொல்றவங்களை நான் நம்புறதில்லை.

கொல்லாமல் அடிப்பக்கம் படம் எடுக்க ஒரு வழி சொல்றேன். சின்ன டப்பாவின் வாயில் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறையை இழுத்துக் கட்டுங்க. உள்ளே மென்மையான பஞ்சு நுரை வெச்ச ஒரு தள்ளுதண்டு. சிலந்தியை உள்ளே விட்டு, நுரையை மெதுவா மேலே தள்ளினா, உறைக்கும் நுரைக்கும் நடுவில் அது அசையாம நிக்கும். அரை நிமிஷம் போதும். எடுத்துட்டு, பிடிச்ச இடத்திலேயே விட்டுடலாம். அழுத்தம் கூடிடக்கூடாது, கால் ஒடிஞ்சிடும். முதல் தடவை வெறும் டப்பாவில் பழகிட்டு அப்புறம் சிலந்தியை விடுங்க. ஈக்கு இது ஒத்து வருமான்னு பெரியவர்தான் சொல்லணும்.

வரைபடம் போடுபவன்

எனக்குப் பூச்சி தெரியாது. மக்கள் அறிவியல் தளங்களிலிருந்து, உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஜிபிஃப் தரவகத்துக்குப் போகும் பதிவுகளை எடுத்துப் பரவல் வரைபடம் போடுவது என் வேலை. என் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

குடும்பம் என்று நிற்கும் பதிவு எனக்குச் சுமை கிடையாது. சிற்றினம் வேண்டும் என்றால் ஒரு வடிகட்டியில் ஒதுக்கிவிடுவேன். எந்த மாதத்தில் சதை ஈக்கள் நடமாடுகின்றன, எந்த வாழிடத்தில் அதிகம் என்ற கேள்விக்கு உங்கள் 312-உம் இன்றைக்கே உதவும். என்னைக் கவிழ்ப்பது தவறான சிற்றினப் பெயர் ஆய்வுத் தரத்தோடு வருவதுதான். அதை ஒதுக்க என்னிடம் வடிகட்டி இல்லை. நம்பி எடுத்துக்கொள்வேன். அந்த ஈயே இல்லாத நிலப்பரப்பில் என் வரைபடம் புள்ளி வைக்கும்.

இன்னொரு சுழலும் உண்டு. பரிந்துரை சொல்லும் கணினி மாதிரிகள், நாம் பெயர் சூட்டிய படங்களை வைத்துத்தான் கற்றுக்கொள்கின்றன. நாம் செயலியை நம்பிக் கார்னாரியா என்று அழுத்தினால், அடுத்த முறை செயலி நம்மை நம்பிக் கார்னாரியா என்று இன்னும் உறுதியாகச் சொல்லும். அடுத்து வரும் புதியவர் அந்த உறுதியைப் பார்த்து அழுத்துவார். நடுவில் ஒருவர்கூட ஈயைப் பார்த்திருக்க மாட்டார்.

சிற்றினப் பெயர் எவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அனாஃபிலிஸ் காம்பியே கொசுக் கூட்டத்தை. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் மிக மோசமான கொசுக்கள் இதில் உண்டு. பெரும்பாலும் கால்நடைகளையே கடித்து, மலேரியாவில் பெரிய பங்கு இல்லாத ஒன்றும் இதிலேயே உண்டு. தோற்றத்தில் பிரிக்க முடியாது, டி.என்.ஏ. சோதனைதான். இந்தக் கூட்டத்தில் கொலுஸ்ஸி என்பது தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றது 2013-இல்தான். இப்படிப்பட்ட இடத்தில் ‘காம்பியே கூட்டம்’ என்று நிறுத்துவதுதான் துல்லியமான பதில்.

பெயர் பின்னால் மாறுவதற்கும் ஓர் உதாரணம். ஐரோப்பாவில் லெப்டிடியா சினாபிஸ் என்று ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி. 1980-களின் கடைசியில் பிறப்புறுப்பைப் பார்த்து அதிலிருந்து ரியாலி என்று ஒன்றைப் பிரித்தார்கள். 2011-இல் மரபணு ஆய்வில் யுவெர்னிகா என்று மூன்றாவது ஒன்றும் வந்தது. மூன்றும் பார்க்க ஒன்றேதான். அயர்லாந்தில் பெரும்பகுதியில் பறப்பதை முதலில் சினாபிஸ் என்றார்கள், பிறகு ரியாலி என்றார்கள், 2011-க்குப் பிறகு யுவெர்னிகா என்கிறார்கள். வெறும் பெயரை மட்டும் நோட்டில் எழுதி வைத்த பழைய பதிவுகளைத் திறந்து பார்க்க எதுவும் இல்லை. அருங்காட்சியகப் பெட்டியில் குத்தி வைத்த பூச்சிகளை எடுத்துப் பார்க்க முடிந்தது. அதனால் படத்தை அழித்துவிடாதீர்கள், இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுங்கள். எந்தச் செடியில், எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

புழு வளர்ப்பவள்

‘எதன் மேல்’ என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒன்று சேர்க்கிறேன். வளர்ந்த பூச்சியின் படம்தான் சான்று என்று எல்லோரும் நினைக்கிறோம். அக்ரோனிக்டா சை, அக்ரோனிக்டா டிரைடென்ஸ் என்று இரண்டு அந்துப்பூச்சிகள். வளர்ந்த பிறகு அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். புழுவாக இருக்கும்போது வெறும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். கோஸ்டாரிகாவில் அஸ்ட்ராப்டெஸ் ஃபுல்ஜெரேட்டர் என்று ஒரே பெயரில் இருந்ததில் பத்துச் சிற்றினங்கள் இருப்பதாக 2004-இல் எழுதினார்கள். பத்துதானா என்று பிறகு விவாதம் வந்தது, அது வேறு விஷயம். அங்கேயும் குட்டை உடைத்தது டி.என்.ஏ. மட்டும் இல்லை. பல வருடமாகப் புழுவை எடுத்து வந்து, எந்தச் செடியைத் தின்றது, என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதி வளர்த்த குறிப்புகள்தான் அடித்தளம்.

சதை ஈக்களில் பல, முட்டைக்குப் பதில் புழுவாகவே ஈனும். சில செத்த உடலில், சில வெட்டுக்கிளியில், சில நத்தையில். ஈ எங்கே புழு வைத்தது என்று நீங்கள் பார்த்தீர்களானால் அந்த ஒரு வரி, அழகான படம் ஒன்றைவிட மேல்.

ஈப்பார்வை

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்சடித்து மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

முதல் வேலையாக நான் மற்றவர்களுக்குக் கொடுத்த ஒப்புதல்களைத் தேடினேன். 94 இருந்தது. அதில் ஒன்றில்கூட நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததாக நினைவில்லை. மூன்று நாளில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுவிட்டேன். ‘இதை என்னால் சரிபார்க்க முடியவில்லை, அவசரப்பட்டு ஒப்புக்கொண்டேன்’ என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். ஏழு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், தான் எடுத்த மற்ற ஈக்களையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று எழுதினேன். அப்படி எழுத இவ்வளவு நாள் கூச்சப்பட்டிருக்கிறேன்.

நேற்று விடியற்காலையில் சுவரில் ஒரு சதை ஈ. பெரியவர் சொன்ன மாதிரி குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்தது. விரல் அகலத் தூரம் வரை லென்ஸைக் கொண்டு போனேன், அசையவில்லை. ஆறு படம் எடுத்தேன். முகத்துக்கு நேராக எடுத்ததில் உணர்கொம்பின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு நீள மயிர் கிளம்புகிறது. அதன் அடிப்பாதியில் இரண்டு பக்கமும் இறகு மாதிரி சின்னச் சின்ன முடிகள், நுனிப்பாதி மொட்டை. இரண்டரை வருடத்தில் ஈயின் முகத்தை இப்படி நான் பார்த்ததே இல்லை. கண்கள் இரண்டும் உச்சியில் நெருங்கி வருகின்றன, அப்படியென்றால் ஆணா?

அந்த ஆறோடு, பழைய 312-இல் பக்கவாட்டுப் படமும் இருக்கும் ஒன்பது பதிவுகளின் இணைப்பையும் சேர்த்துக் கீழே போடுகிறேன். இவற்றில் எதையாவது குடும்பத்திலிருந்து ஒரு படியாவது கீழே இறக்க முடியுமா?

நரம்பும் மயிரும்

அந்த மயிருக்கு அரிஸ்டா என்று பெயர். அடிப்பாதி இறகாகவும் நுனி மொட்டையாகவும் இருப்பதையும் மற்றதையும் சேர்த்துப் பார்த்தால் நேற்றைய ஈயைச் சார்கோஃபாகினே துணைக்குடும்பம் வரை துணிந்து சொல்லலாம். ஆண்தான் என்று நானும் நினைக்கிறேன். வயிற்று நுனி மடங்கியே இருப்பதால் அதற்குக் கீழே போக மாட்டேன். துணைக்குடும்பம் என்று போட்டுவிட்டேன்.

ஐநேச்சுரலிஸ்ட் விதியை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. அங்கே ஒரு பெயர் நிலைக்க மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிய ஒப்புதல் வேண்டும். சரியாக மூன்றில் இரண்டு போதாது. அதனால்தான் இருவர் ஒப்புக்கொண்ட பதிவை ஒருவர் மறுத்தாலே பெயர் சிற்றினத்திலிருந்து பேரினத்துக்கோ குடும்பத்துக்கோ போய்விடும். தரவு மதிப்பீட்டுப் பகுதியில், இந்தச் சான்றை வைத்து இதற்கு மேல் நுணுக்கமாகச் சொல்ல முடியாது என்று குறிக்கவும் ஒரு வழி உண்டு. சமூகம் ஒப்புக்கொண்ட பெயர் குடும்பத்துக்குக் கீழே, அதாவது துணைக்குடும்பத்திலோ பேரினத்திலோ இருந்தால், அப்படிக் குறித்த பிறகு அதுவே ஆய்வுத் தரமாகிவிடும். அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். இன்னொருவர் வந்து பார்க்கட்டும்.

எட்டுக்கால் தம்பிக்கு: நுரை வைத்த டப்பாவை ஈக்கு நான் பயன்படுத்துவதில்லை. இறக்கையும் முதுகு மயிர்களும் ஒடிந்துவிடும், ஈயில் அவைதான் நமக்கு வேண்டிய எழுத்துகள். அடிப்பக்கம் மட்டும் பார்க்க வேண்டுமானால் கண்ணாடிக் குப்பியில் விட்டுக் கீழிருந்து எடுக்கலாம்.

இனி அந்த ஒன்பது. எட்டு சதை ஈதான், குடும்பத்தோடு இருக்கட்டும். நாலாவது இணைப்பில் பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகின் பின்கோடியில் முக்கோணத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு நேர் கீழே இன்னொரு புடைப்பு, குட்டித் தலையணை மாதிரி. சதை ஈக்கு அது அப்படி உப்பியிருக்காது. இது டாக்கினிடே குடும்பம். வேறு பூச்சிகளின் உடலுக்குள் புழுவாக வளரும் ஒட்டுண்ணி ஈ. மேலிருந்து எடுத்த முதல் படத்தில் அது தெரிய வாய்ப்பே இல்லை. அந்த ராத்திரி வேலை செய்தவரும் முதல் படத்தோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது, அவர் போட்ட குடும்பப் பெயரும் இங்கே தவறு.

ஈப்பார்வை

பார்த்தேன். தலையணை இருக்கிறது. இரண்டு வருடமாக அந்தப் படம் என்னிடமே இருந்திருக்கிறது.

அவருக்கும் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் வந்து திருத்திவிட்டு, புடைப்பின் மேல் அம்புக்குறி போட்ட படம் ஒன்றையும் குறிப்பில் சேர்த்திருக்கிறார். மீதி 303 பதிவுகளையும் முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது 41-இல் இருக்கிறேன். 38-இல் தகட்டுக்குக் கீழே நிழல் மாதிரி ஏதோ இருக்கிறது, புடைப்பா நிழலா என்று தெரியவில்லை. இணைப்பு கீழே.